முதலில் சொன்ன வீட்டுப்பெயர்

அக்கா,

அந்தக் கடையில் அப்போது இருந்தவர்கள் ஐந்து பேர். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் விஜயன். அதே அறையின் மறுபாதியில் ஜெராக்ஸ் எடுக்கும் அவர் மனைவி லளிதா. ஏதோ சான்றிதழை லேமினேஷன் செய்ய அதியன்னூரிலிருந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு நடுவயதுப் பெண், பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. பையைப் பிடித்தபடி வாசலோரம் நின்ற எங்கள் வீட்டுக்காரர். பிறகு நான். வேறு ஒருவரும் இல்லை. நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கடை; ஆறாவது ஆள் நிற்க அங்கே இடமும் இல்லை. நடந்ததை இந்த ஐந்து பேரில் எவர் சொன்னாலும் ஒன்றுபோலத்தான் சொல்வார்கள். குற்றம் யாருடையது என்று கேட்டால் மட்டும் நான்கு பேர் வாயை மூடிக்கொள்வார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

எழுதும் இந்த நேரத்தில் அது என் முன்னால், பழைய பத்திரிகைத் தாளின் மேல் கிடக்கிறது. உன் லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க். உள்ளங்கைக்குள் அடங்கும், பார்வைக்குத் தெரிவதைவிட எடை அதிகம். விஜயன் அடிப்பலகையைத் திறந்தபோது விசிறிக்குள்ளிருந்து தூசி பஞ்சு மாதிரித் திரண்டு வந்தது. அதில் நீ கைமுட்டில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை இருந்தது. எட்டு மாதம் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தும் அது போகவில்லை. இன்று காலை விளக்கேற்றிய கையோடு இந்த டிஸ்கையும் எடுத்து முகர்ந்து பார்த்தேன். இதில் ஒன்றும் இல்லை. இரும்பு வாசனைதான். அதற்குப் பிறகு நாமம் சொல்ல உட்கார்ந்தேன். பாதியில் எத்தனையாவது என்பது விட்டுப்போனது. எண்ணிக்கை விட்டுப்போவது எனக்கு வழக்கமில்லை என்று உனக்குத் தெரியும்.

உன்னை அக்கா என்று கூப்பிட்டாலும் நீ என்றே பேசிப் பழகிவிட்டேன். இருபத்தாறு வருஷம் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். கல்யாணம் முடிந்து களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான் இங்கே வந்தபோது தமிழ் மட்டும்தான் வாசிப்பேன். அதுவும் எட்டாம் வகுப்பு வரைக்குமான தமிழ். மலையாள எழுத்தைப் பஸ்ஸின் பெயர்ப்பலகையிலும் பால் கவரிலும் பார்த்து நானாகவே கூட்டிக்கூட்டிப் படித்தேன். நீ மலைப்பக்கம், ஒற்றசேகரமங்கலத்திலிருந்து வந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் வக்கீல் குமஸ்தா ஒருவரிடம் டைப் அடிக்கப் போயிருக்கிறாய். விரலைப் பார்க்காமல் அடிப்பாய். மகள் சுஜாவின் நர்சிங் படிப்புக்காக வாங்கிய லேப்டாப், அவள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனதும் உன் கைக்கு வந்தது. அதன்பின் நம் தெருவில் யாருக்கு எந்த விண்ணப்பம் வேண்டுமென்றாலும் உன் சாப்பாட்டு மேசைக்குத்தான் வருவார்கள். வீட்டில் பேசுவது தமிழ், ஆபீசில் கொடுக்கவேண்டியது மலையாளம் என்கிற நம்மைப்போன்ற ஜனங்களுக்கு நீதான் நடுவில் நின்ற ஆள்.

வந்தவர்களிடம் நீ பெயரைக் கேட்பதில்லை. "வீட்டுப்பேரு சொல்லு" என்பாய். ஆள் பெயர் பத்துப் பேருக்கு ஒன்றாக இருக்கும், வீட்டுப்பெயர் ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர். அந்த வீட்டின் ரேஷன் கார்டு, பென்ஷன், வரி ரசீது எல்லாம் படமெடுத்து அதற்குள் போகும். ஒருநாள் வடக்கு வீட்டுக்காரி ரேஷன் கார்டில் வயது தப்பாக இருக்கிறதென்று கொண்டுவந்தாள். நீ கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்தாய்.

"எடி, இதுல உனக்க மாப்பிளைக்கு மகனவிட மூணு வயசு கொறவு."

"அய்யோ, அத மாத்தணுமே அக்கா."

"எதுக்கு மாத்தணும்? அந்த ஆளுக்க நடப்புக்கு அந்த வயசாக்கும் சரி."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ சிரிக்காமல் திருத்திக் கொடுத்தாய்.

லேப்டாப்புக்கு வயதாகிக்கொண்டே வந்தது. நீ பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போய்க் கஞ்சிக்கு அரிசி களைவாய். "இது தொறக்கதுக்கு முன்ன நான் கஞ்சி வச்சு எறக்கிப்போடுவேன்" என்பாய். நான் வழக்கம்போல எல்லாவற்றையும் குறித்துவைப்பவள். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், கோவில் குளத்தில் தண்ணீர் இறங்கிய படி, எந்தக் கோழி எத்தனை நாள் அடைகாத்தது எல்லாம் என் நோட்டில் உண்டு. உன் லேப்டாப் திறக்க எடுத்துக்கொண்ட நிமிஷங்களும் உண்டு. முதலில் நாலு. பிறகு ஒன்பது. பிறகு பதினாலு. கடைசிப் பக்கங்களில் இருபத்திரண்டு.

"இதுக்கும் கணக்கா?" என்று கேட்டாய். "நான் சாவ எத்தன மணி ஆச்சுன்னும் எழுதுவியா?"

"எழுதுவேன்" என்றேன்.

எழுதினேன். காலை ஆறு நாற்பது.

புது டிஸ்க் போடும் பேச்சை முதலில் எடுத்தது நீதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் விஜயனிடம் காட்டிவிட்டு, வேலியருகே நின்று எனக்கு விளக்கினாய். பழைய டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்குமாம், அதன்மேல் ஊசி ஒன்று ஓடி ஓடித் தேடுமாம், தேய்ந்துபோனதால்தான் இந்தத் தாமதமாம். எஸ்.எஸ்.டி. என்று இப்போது வருவதில் சுற்றவும் ஓடவும் ஒன்றுமில்லையாம். உள்ளே இருப்பதை எல்லாம் அப்படியே பகர்த்தி, நகலெடுத்து, அதில் போட்டுவிட்டால் பத்து நொடியில் திறந்துவிடுமாம். "புதுசு வாங்காண்டாம், இதுவே பறக்கும்னு சொன்னான்" என்றபோது உன் முகம் பிரகாசமாக இருந்தது. அதே வாரம்தான் உன் மார்பில் இருந்த கட்டியைப் பற்றிய ரிப்போர்ட்டும் வந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

நான் சொன்னேன்: "ஓடுத சாதனத்த எதுக்கு இப்பம் அறுத்துத் தொறக்கணும்? ஒரு மாசத்துல ரெண்டு தொறப்பு வேண்டாம் அக்கா. முதல்ல உனக்குள்ளது முடியட்டு."

அதில் ஒரு பயமும் இருந்தது, பக்தியும் இருந்தது. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அதற்கு நீ, "சரி, எனக்கு முதல்ல, அதுக்குப் பிறகு" என்றாய். அன்றைக்கு அந்த டிஸ்க் நல்ல நிலையில் இருந்தது. அன்றைக்கே பகர்த்தியிருந்தால் ஓர் எழுத்துக்கூடப் போயிருக்காது. இதை விஜயன் என்னிடம் சொல்லவில்லை. நானே கேட்டேன், அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு நீ எழுத ஆரம்பித்தாய். மடியில் தலையணை, அதன்மேல் லேப்டாப். வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் எடுத்து வைப்பாய், வைத்த பிறகு விரல்கள் மட்டும் ஓடும். மத்தியானம் மூன்று மணிக்கு நான் பயற்றங்காயோ மரச்சீனிக்கிழங்கோ எடுத்துக்கொண்டு வந்து உன் எதிரில் தரையில் உட்கார்ந்து நறுக்குவேன். திரைக்கு இந்தப் புறமாகத்தான் உட்காருவேன். நீ எழுதுவது சுஜாவுக்கு என்று முதல் நாளே சொல்லிவிட்டாய்.

"போன்ல அனுப்பிக் குடேன்" என்றேன்.

"அனுப்பமாட்டேன். டியூட்டிக்க எடையில நின்னுட்டு வாசிப்பா. பிறகு முகத்தக் கழுவிட்டு ஊசி போடப் போவணும். இது அவ இஞ்ச வந்து, இந்த வீட்டுல இருந்து வாசிக்கதுக்குள்ளது."

பின்னொரு நாள், மருந்து ஏற்றிவிட்டு வந்து படுத்துக் கிடந்தபோது, என் கையைப் பிடித்தாய். "எடுத்து அவளுக்க கையில குடு. நீ வாசிக்கப்படாது. வேற ஆரும் வாசிக்கப்படாது." நான் உன் சாமியறை விளக்கைப் பார்த்துச் சத்தியம் செய்தேன். எங்கே வைத்திருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் அதுவே எட்டிப்பார்ப்பது போல ஆகும் என்று நினைத்தேன். நீயும் சொல்லவில்லை, தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று உனக்குத் தோன்றியிருக்காது.

நீ போன அன்று சுஜாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அங்கிருந்து பார்த்தாள். தீ வைத்தபோது படம் ஆடியது. "மாமா, அசைக்காதீங்க" என்று மட்டும் அந்தப் பிள்ளை சொன்னது. பதினாறு கழிந்து லேப்டாப்பைப் பாலராமபுரம் நேரியது மேல்துணி ஒன்றில் சுற்றி உன் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் தாலிச்சரட்டோடு சேர்த்துக் கட்டினேன்.

போன மாதம் அவள் கூப்பிட்டாள். நாற்பது நாள் விடுப்பு, இந்தச் சனிக்கிழமை வந்து இறங்குகிறாள்.

"சித்தி, அம்மைக்க லேப்டாப் உண்டா?"

"உண்டு மக்கா. பத்திரமா உண்டு."

"அம்மை எனக்கு ஏதோ எழுதி வச்சிருக்குன்னு சொன்னா. அத நான் வந்துட்டு வாசிக்கேன். நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்."

ஒன்றும் செய்ய வேண்டாம் என்றுதான் சொன்னாள். எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. எடுத்துத் துடைத்து, சார்ஜ் ஏற்றிப் பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிஷம் பார்த்துவிட்டு அணைத்தேன். மறுநாளும் போட்டேன். ஆறு நாள் போட்டேன். போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்து நாமம் சொன்னேன். தேய்ந்த ஊசியை ஒவ்வொரு தடவையும் நான் தட்டின்மேல் ஓடவிட்டுக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது. அலமாரியிலேயே கிடந்திருந்தால் தாக்குப்பிடித்திருக்கலாம் என்று விஜயன் பிறகு சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் தடுத்த வேலையை இப்போது நானே செய்து வைக்கலாம் என்று தோன்றியது. பிள்ளை ஆகாயத்தில் அத்தனை தூரம் வந்து, சுற்றுகிற வட்டத்துக்கு முன்னால் உட்காரக் கூடாது. தொட்டவுடன் திறக்கவேண்டும். மொபைலில் வீடியோக்கள் பார்த்து எந்த அளவு டிஸ்க், எந்த மாதிரி என்று நானாகவே படித்துக் குறித்துக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை காலையில் சிவன் கோவிலில் தொழுதுவிட்டு இவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

விஜயன் டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் ஒரு வயர் வழியாக இணைத்தார். காதை அதன் பக்கம் கொண்டுபோனார்.

"சேச்சி, இது கேக்குதா? ஊசி தட்டுல முட்டுது. மொத்தமா பகர்த்தலாம்னு நெனச்சேன், இனி நடக்காது."

"பிறகு?"

"நிக்கித வரைக்கும் எடுக்கலாம். பத்து நிமிஷமும் நிக்கும், ஒரு மணிக்கூறும் நிக்கும், அத ஆரு பறைய? எது முக்கியமோ அதச் சொல்லுங்க, முதல்ல அத எடுக்கேன்."

திரையில் வரிசை வந்தது. ஐம்பத்தெட்டு வீடுகள். நம் தெரு முழுவதும் அங்கே இருந்தது. வேலையைத் தொடங்கும் முன் விஜயன் அந்த வரிசையைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒன்று குறைந்தது, ஒன்று காணோம் என்று வழக்கு வராமலிருக்க அவர் எப்போதும் அப்படிச் செய்வாராம். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை. "தெக்கேக்கர" என்றேன். உன் வீடு. இருபத்தாறு வருஷமாக நம் வேலிக்குத் தெற்கே நிற்கிற வீடு. தெருவில் எல்லோரும் உன்னைத் தெக்கேக்கர அக்கா என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

அந்த ஃபோல்டர் பெரிதாக இருந்தது. இருபது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. டிஸ்க் நடுவே நின்று நின்று போனது. முடிந்ததும் விஜயன், "தொறந்து நோக்கட்டா?" என்றார்.

"வேண்டாம். அது வேற ஆளுக்குள்ள எழுத்து."

பெஞ்சில் இருந்த அதியன்னூர்ப் பெண் இடையில் புகுந்தாள். "எடுத்தது சரிதானான்னு ஒருக்கா தொறந்து நோக்குங்க சேச்சி. பிறகு கெடந்து அழுதிட்டு காரியமில்ல" என்றாள்.

"நான் வாக்கு குடுத்தது. தொறக்கப்படாது."

அவள் லளிதாவைப் பார்த்து, "அரக்கு வச்ச கவருன்னு நெனைப்பு" என்றாள். லளிதா ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் குனிந்து சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறோம் என்ற கர்வமும் அதில் இருந்தது, அதை மறைக்கவில்லை.

"அடுத்தது?" என்றார் விஜயன். தெருவில் எல்லோருடைய காகிதமும் உன்னை நம்பிக் கொடுத்தது. யாருக்கும் பாரபட்சம் வேண்டாமென்று, தெற்கிலிருந்து வடக்கே வரிசையாக வீட்டுப்பெயர்களைச் சொன்னேன். தெக்கேக்கரயோடு சேர்த்து ஏழு வீடு ஆயிற்று. எட்டாவது பாதியில் டிஸ்க் ஒரு தடவை சத்தமாகத் தட்டிவிட்டு நின்றது. விஜயன் வயரைக் கழற்றி மாட்டினார். வேறு வயர் போட்டார். கவிழ்த்து வைத்தார். அவர் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு சாதனம் இணைத்திருப்பதே அதன்பின் தெரியவில்லை.

"போயாச்சு" என்றார்.

எனக்கு அப்போதும் பதற்றம் இல்லை. உன் எழுத்து கிடைத்துவிட்டதே. விஜயன் போனதெல்லாம் என்னென்ன என்று சொல்ல, தான் எடுத்த படத்தைப் பெரிதாக்கினார். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே அதைக் கடைசியாகத் தொட்ட தேதி இருந்தது. விரலால் கீழே தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தப் பாறவிளாகம் ஆரு சேச்சி? கடைசியா தொட்டது இதயாக்கும். தெக்கேக்கரயத் தொட்டு மூணு வருஷமாச்சு."

போனை வாங்கித் தேதியைப் பார்த்தேன். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகக் கொண்டுபோனது ஒரு வியாழக்கிழமை. அந்தத் தேதி அதற்கு முந்திய செவ்வாய்.

வாசலில் நின்ற இவர்தான் பதில் சொன்னார். "பாறவிளாகம் அவளுக்க பொறந்த வீடுல்லா. ஒற்றசேகரமங்கலத்துல உள்ளது."

"பிறகு நீங்க ஏன் சொல்லல?"

"நீ தெக்கேக்கரன்னு சொன்னே. நெலத்துக்க கடுதாசி எடுக்கியோன்னு நான் நெனச்சேன். கேட்டியா என்கிட்ட?"

கேட்கவில்லை. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்த மனிதர். எந்த வீட்டுக்காரி எந்த நிறுத்தத்தில் ஏறுவாள் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு தெக்கேக்கரயைத் திறக்கச் சொன்னேன். வரி ரசீது. பழைய ஸ்கூட்டரின் இன்ஷூரன்ஸ். உன் மாமியாரின் பென்ஷன் காகிதம். உன் கணவரின் இறப்புச் சான்றிதழ், மூன்று பிரதி. உன் எழுத்து ஒரு வரி இல்லை.

"எழுத்து மட்டும் உள்ளதுன்னா எத்தன நேரம் எடுக்கும்?" என்று கேட்டேன்.

விஜயன் சொல்ல விரும்பவில்லை. பிறகு சொன்னார். "ஒரு நொடி, சேச்சி."

அதியன்னூர்ப் பெண் எழுந்து என் பக்கத்தில் வந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

அக்கா, எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்து வந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டின் பெயர் கழன்றுவிடும். மாப்பிள்ளை வீடுதான் பிறகு அவள் வீடு. காகிதத்திலும் அப்படி, கல்யாணப் பத்திரிகையிலும் அப்படி. உங்கள் பக்கத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டின் பெயர் கடைசிவரைக்கும் உண்டு. இது எனக்குத் தெரியாததில்லை. மாதம்தோறும் பிரதோஷத்துக்கு நாம் இருவரும்தான் போவோம். அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவரிடம் நீ வீட்டுப்பெயரும் பெயரும் நட்சத்திரமும் சொல்வாய். பாறவிளாகம் என்றுதான் சொல்வாய். உன் பின்னால் நின்று நான் அதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். சொல்லப்போனால் அந்தச் சீட்டுகளில் சில என் நோட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. காதில் விழுந்ததை எல்லாம் குறித்து வைத்தேன். உனக்கு உன் வீடு எது என்று மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

லேப்டாப் இப்போது ஒன்பது நொடியில் திறக்கிறது. மூன்று தடவை பார்த்துக் குறித்துக்கொண்டேன். சூடாகவில்லை, சத்தமில்லை. நீ ஆசைப்பட்டது போலத்தான் ஆகியிருக்கிறது. திறந்தால் உள்ளே எட்டு வீடு இருக்கிறது, எட்டாவதில் பாதி இல்லை. தெருவில் மற்றவர்களிடம் நான் சொல்லிவிட்டேன். ஆளாளுக்கு மூலக் காகிதம் வீட்டில் உண்டு, போகட்டும் என்றார்கள்.

"கொண்டுபோவும்போதே கெட்டுப்போயி இருந்துன்னு சொல்லு" என்கிறார் இவர். "பொய் இல்லல்லா. பாதி உண்மையாக்கும்." பாதி உண்மையை எந்த விளக்கின் முன்னால் வைத்துச் சொல்ல? சுஜாவிடம் நடந்ததை நடந்தபடி சொல்வதென்று தீர்மானித்துவிட்டேன். அதற்கு உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. விஜயன் வேறொன்றும் சொன்னார். திருவனந்தபுரத்தில் தூசியில்லாத அறையில் வைத்து இந்த டிஸ்கைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் உண்டாம். கிடைத்தாலும் கிடைக்கும், பிரித்தபிறகு தட்டில் கீறல் கண்டால் அத்தோடு முடிந்ததாம். மகள்தான் ஒப்புக் கையெழுத்துப் போடவேண்டும். அதுவும் அவள் தீர்மானம். ரொம்ப நம்பவேண்டாம் என்று விஜயன் என்னிடம் தனியாகச் சொன்னார்.

உன்னிடம் கேட்கவேண்டியது வேறு.

நீ எழுதும்போது சில சமயம் நிறுத்திவிட்டு என்னிடம் எதையாவது கேட்பாய். உன் ஓர்மைக்கு எட்டாதது என் நோட்டில் இருக்கும் என்று உனக்குத் தெரியும். "சுஜா எத்தன மாசத்துல நடந்தா?" "அவளுக்கு அம்மை போட்டது எந்த வருஷம்?" "பள்ளிக்கூடத்துல முதல் நாளு அவள ஆரு கொண்டு விட்டா, நானா நீயா?" நான் வீட்டுக்குப் போய்ப் பழைய நோட்டைப் பார்த்துவந்து சொல்வேன். நீ கேட்டதையும் அன்றன்று குறித்துவைத்தேன். பதினோரு கேள்விகள். உன் எழுத்தில் இப்போது என் கையில் இருப்பது அவ்வளவுதான்: நீ எழுதியது இல்லை, எழுதுவதற்காகக் கேட்டது.

ஒன்பதாவது கேள்வி உனக்கு நினைவிருக்கும்.

"அவளுக்கு நாலு வயசுல நான் பாறவிளாகத்துக்குப் போயி நின்னேன்லா. எத்தன நாளு நின்னேன்?"

"பதினேழு நாளு" என்றேன். அதற்கு நான் நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"எதுக்குப் போனேன்னு எழுதியிருக்கியா?"

"இல்ல."

"நல்லது" என்றாய். பிறகு அன்றைக்கு வெகுநேரம் எழுதினாய். நான் நறுக்கிய பயறு முடிந்து, வெறும் கத்தியோடு உட்கார்ந்திருந்தேன்.

எதற்குப் போனாய் என்று எனக்குத் தெரியும். உன் கணவர் உன்னை அடிப்பதெல்லாம் வேலிக்கு இந்தப் புறம் கேட்கும். நீ திரும்பி வந்தபோது இடது காதில் கம்மல் போடமுடியாமல் இருந்ததும் தெரியும். அதற்குப் பிறகும் சில தடவை நடந்தது. அவர் சாகும் வரைக்கும் நீயும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கவேண்டும். அதை இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். சுஜாவுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு அப்பா என்றால் உயிர். போனைத் திறந்தால் முதலில் தெரிவது அவர் முகம்தான்.

அந்தப் பதினேழு நாளைப் பற்றி நீ அவளுக்கு என்ன எழுதினாய்? நடந்ததைச் சொல்லிவிட்டாயா? அல்லது, பிறந்த வீட்டில் திருவிழா பார்க்கப் போயிருந்தோம் என்று எழுதி அவள் அப்பாவை அவளுக்கே விட்டுவிட்டாயா? இரண்டும் உன்னால் முடியும். உன்னை அறிந்த எனக்கு இரண்டில் எது என்று தெரியவில்லை.

அவள் வந்து உட்கார்ந்ததும் கேட்கப்போவது அதுதான்: அம்மை என்ன எழுதினா சித்தி, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா? நீ சொல்லத் துணிந்திருந்தால், நான் பேசாமல் இருப்பது உன்னை இரண்டாம் முறை எரிப்பது போல. நீ மறைக்க நினைத்திருந்தால், என் நோட்டைக் காட்டுவது நான் உனக்குச் செய்யும் துரோகம். ஏற்கெனவே ஒருதடவை உன் மனசில் இருப்பது எனக்குத் தெரியும் என்று யோசிக்காமல் வாய்திறந்தேன். இன்னொரு தடவை அப்படிச் செய்யப் பயமாக இருக்கிறது.

பதினோரு கேள்விகளையும் ஒரு தாளில் தெளிவாக எழுதி மடித்து வைத்திருக்கிறேன். ஒன்பதாவதை விட்டு இன்னொரு தாளிலும் எழுதி வைத்திருக்கிறேன். இன்று புதன். சனிக்கிழமை மத்தியானம் அவள் விமானம் இறங்குகிறது. சாயங்காலம் நாலு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அதற்குள் எந்தத் தாளைக் கொடுக்கவேண்டும் என்று எனக்குப் பதில் சொல்லு அக்கா.